காசித்தும்பை கேட்ட கரகரப்பிரியா

தில்லை என்பது முதலில் ஒரு மரத்தின் பெயர். கடலோரச் சதுப்பு நிலத்தில் வளரும் அம்மரங்கள் செறிந்த வனத்திலே கூத்தபிரான் எழுந்தருளியமையால் ஊரும் தில்லை எனப் பெயர் பெற்றது. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்துக் காயலில் இன்றும் அம்மரங்களைக் காணலாம். ஆடலும் பாடலும் தாவரமும் ஒன்றுகூடிய அத்திருத்தலத்தில், ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், தாவரவியல் பேராசிரியர் ஒருவர் விந்தையான வினா ஒன்றை எழுப்பினார். செடிகொடிகள் இசையை உணருமா என்பதே அவ்வினா.

அவர் பெயர் டி.சி.என். சிங். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறையின் தலைவராக விளங்கியவர். இன்று அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. ஆயினும் அவர் கண்டதாகச் சொல்லிய செய்தி மட்டும் ஊர் ஊராக உலவிக்கொண்டிருக்கிறது. ‘செடிக்கு வீணை வாசித்தால் செழித்து வளரும்’ என்று எங்கேனும் யாரேனும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அச்சொல்லின் பின்னே நிற்பவர்களுள் முதன்மையானவர் இவரே.

மத்திகிரியில் வாழும் எனக்கு இவர்பால் ஈடுபாடு உண்டானதில் வியப்பில்லை. ஓசூரை அடுத்த எங்கள் பகுதியில் ஒரு பக்கம் தொழிற்சாலைகள், மறுபக்கம் பசுமைக்குடில்கள். இங்கே விளையும் ரோஜா விமானமேறி வெளிநாடுகளுக்குச் செல்கிறது. 1824ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசுக் கால்நடைப் பண்ணையும் எங்கள் ஊரில்தான் உள்ளது. பூவும் பசுவும் சூழ வாழ்வோர்க்கு, கண்ணன் குழலோசையில் ஆநிரைகள் மேய்ச்சல் மறந்து நின்றன என்று கேட்பது கதையாக மட்டும் தோன்றுவதில்லை. எங்கள் தெருக் கோயிலின் நந்தவனத்தைப் பார்த்துக்கொள்ளும் பணியும் பணி ஓய்வுக்குப் பின் எனக்கு வாய்த்தது. ஆகவே சிங் அவர்களைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன்.

அவருக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. அவர் ஜகதீச சந்திர போஸ். தொட்டாற்சுருங்கி மட்டுமன்று, எல்லாத் தாவரங்களுமே தூண்டுதலுக்கு மறுமொழி தருகின்றன என்பதைக் கருவிகளைக் கொண்டு உலகுக்குக் காட்டியவர் அவர். செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை அமைத்தார். 1917ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தம் ஆய்வு நிலையத்தைத் திறந்து வைத்தபோது, அதனை வெறும் ஆய்வுக்கூடமாக அன்றி ஒரு கோயிலாகவே அர்ப்பணிப்பதாகக் கூறினார். அவர் திறந்து வைத்த வழியிலேதான் சிதம்பரத்துப் பேராசிரியரும் நடந்தார்.

சிங் அவர்களின் ஆய்வு தொடங்கிய விதத்தை, 1973ஆம் ஆண்டில் பீட்டர் டாம்கின்ஸ், கிறிஸ்டோபர் பேர்ட் ஆகிய இருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட ‘தாவரங்களின் இரகசிய வாழ்க்கை’ என்னும் நூல் விவரிக்கிறது. 1950ஆம் ஆண்டு. உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி அங்கு வந்திருந்தார். குளங்களில் வளரும் ஹைட்ரில்லா என்னும் நீர்த்தாவரத்தின் இலையை சிங் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போன்ற அவ்விலையின் உள்ளே உயிர்க்கூழ் ஓடுவது தெளிவாகத் தெரியும். ஒலியால் இவ்வோட்டம் மாறுமா என்னும் எண்ணம் ஹக்ஸ்லியிடமிருந்து பிறந்தது. சூரிய உதயத்துக்குப் பின்னரே அவ்வோட்டம் விரைவுபெறும் என்பதை சிங் அறிவார். எனவே காலை ஆறு மணிக்கு முன் அரைமணி நேரம், செடியிலிருந்து ஆறடி தொலைவில் மின்சாரத்தால் அதிரும் இசைக்கவை ஒன்றை ஒலிக்கச் செய்தார். பகலில் வெகு நேரம் கழித்து வரவேண்டிய விரைவு விடியலிலேயே வந்துவிட்டதாம்.

அடுத்து ஸ்டெல்லா பொன்னையா என்னும் அவருடைய உதவியாளர் வயலின் ஏந்தி வந்தார். குறிப்பிட்ட சுருதியில் வில் பட்டபோது உயிர்க்கூழின் ஓட்டம் விரைந்தது. பின்னர் காசித்தும்பைச் செடிகளுக்கு முன் வீணை ஒலித்தது. பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்த கௌரி குமாரி என்பவர் நாள்தோறும் 25 நிமிடம் கரகரப்பிரியா இராகத்தை வாசித்தார். கரன் என்னும் அரக்கனைக் கொன்ற இராமபிரானுக்கு உவந்த இராகம் என்று அதன் பெயருக்குப் பொருள் கூறுவர். தியாகராஜ சுவாமிகள் உள்ளம் தோய்ந்து பாடிய இராகம் அது. ஐந்தாம் வாரத்தில் இசை கேட்ட செடிகள் மற்றவற்றை முந்தத் தொடங்கின. முடிவில் இலைகள் 72 சதவீதம் மிகுதி. உயரம் 20 சதவீதம் மிகுதி.

சலங்கை கட்டாமல், இசையுமின்றி, பரதநாட்டிய அடவுகளை மட்டும் ஆடச் செய்தும் பார்த்தார்கள். மண்வழி வந்த அதிர்வாலேயே செண்டுமல்லியும் பெட்டூனியாவும் பதினைந்து நாள் வரை முன்னதாகப் பூத்தன என்று அந்நூல் கூறுகிறது. கூத்தன் ஆடும் ஊரில் அடவின் அதிர்வுக்குப் பூ மலர்ந்தது என்றால் அடியார் உள்ளம் சிலிர்க்காதா?

1960 முதல் 1963 வரை ஆய்வு வயலுக்குச் சென்றது. அன்றைய சென்னை மாநிலத்திலும் புதுச்சேரியிலுமாக ஏழு கிராமங்களில், நெல் வயலுக்கு நடுவே ஒலிபெருக்கி வைத்துச் சாருகேசி இராகத்தைக் கேட்கச் செய்தார். அவ்வட்டாரத்துச் சராசரி விளைச்சலைவிட 25 முதல் 60 சதவீதம் மிகுதியாக நெல் விளைந்ததாம். நிலக்கடலையும் புகையிலையும் ஏறக்குறைய 50 சதவீதம் மிகுந்தனவாம்.

இவ்வளவு பெரிய செய்தி ஏன் மறைந்தது? 60 சதவீதம் மிகுந்த விளைச்சலை எந்த உழவர் வேண்டாம் என்பார்? தஞ்சை மண்ணில் இன்று சாருகேசி ஒலிக்காத வயலே இருக்கக் கூடாதன்றோ? இவ்வினாவே என்னை மேலும் சிந்திக்கச் செய்தது. விடை எங்கள் நந்தவனத்திலேயே கிடைத்தது.

கோயில் இளைஞர் சிலர் சிங் அவர்களின் கதையைக் கேட்டு ஆர்வம் கொண்டனர். செண்டுமல்லிப் பாத்தி இரண்டில் ஒன்றின் அருகே சிறிய ஒலிபெருக்கியை வைத்து, விடியற்காலையில் நாதஸ்வர இசையை ஒலிக்கச் செய்தனர். இரண்டு மாதத்தில் அப்பாத்தி கண்ணைப் பறிக்கும்படி பூத்தது. “பார்த்தீர்களா, தாத்தா!” என்று ஓடி வந்தார்கள். நான் இரு பாத்திகளையும் சுற்றி வந்தேன். இசைப் பாத்தி குழாயடிக்கு அருகில் இருந்தது. ஒலிபெருக்கியை இயக்கப் போகும் பிள்ளை நாள்தோறும் இரண்டு குவளை நீரை அதற்கே ஊற்றினான்; களை கண்டால் பிடுங்கினான். மற்றப் பாத்திக்கு நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போனதோடு சரி. பூத்தது நாதஸ்வரத்தாலா, நீராலா, அப்பிள்ளையின் கையாலா? யார் சொல்ல இயலும்? “பாத்திகளை மாற்றிப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே அளவு நீர் விடுங்கள், எந்தப் பாத்திக்கு இசை என்பதை அறியாத ஒருவர் பூவை எண்ணட்டும்” என்றேன். அவர்கள் அவ்வாறே செய்தார்கள். அடுத்த முறை இரு பாத்திகளிலும் பூ ஏறக்குறைய ஒரே அளவு.

எங்கள் இரண்டு பாத்திகள் பேராசிரியரின் பல்லாண்டு உழைப்பைப் பொய்யாக்கிவிடா. ஆயினும் எங்கே உற்றுநோக்க வேண்டும் என்பதை அவை கற்பித்தன. ஏழு கிராமத்து வயல்களை வட்டாரத்தின் சராசரியோடு ஒப்பிட்டார்கள் என்று படித்தோம். ஆய்வுக்கென்று தெரிந்தெடுத்த வயலை உழவர் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பார். சராசரியிலோ வாடிய வயலும் சேரும், பூச்சி அரித்த வயலும் சேரும். நம் முற்றத்துத் துளசியை ஊரிலுள்ள எல்லாத் துளசிகளின் சராசரியோடு ஒப்பிட்டால் நம் துளசிதானே வெல்லும்? யேல் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் அறிஞர் ஆர்தர் கால்ஸ்டன் போன்றோர், அந்த 1973ஆம் ஆண்டு நூல் கூறிய பலவற்றுக்கும் ஆதாரம் போதாது என்று அக்காலத்திலேயே எழுதினர். சிங் அவர்கள் சொல்லிய விளைச்சல் எங்கும் நிலைபெற்ற வேளாண் முறையாகவில்லை.

எனினும் அவர் கேட்ட வினா வீணாகவில்லை. 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுசெடி ஒன்றை ஆராய்ந்தனர். கம்பளிப்புழு இலையைக் கடிக்கும்போது எழும் மிக நுண்ணிய அதிர்வைப் பதிவுசெய்து, புழுவே இல்லாமல் அவ்வதிர்வை மட்டும் இலைக்கு ஊட்டினர். பின்னர் புழு கடித்தபோது, அச்செடி தன்னைக் காக்கும் காரப்பொருளை மிகுதியாகச் சுரந்தது. காற்றின் அதிர்வுக்கு அது அவ்வாறு செய்யவில்லை. 2019ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் இன்னொன்றைக் கண்டனர். மாலையில் மலரும் ஒருவகை மஞ்சள் பூவின் அருகே தேனீயின் ரீங்காரத்தை ஒலிக்கச் செய்தால், மூன்றே நிமிடங்களில் பூந்தேனின் இனிப்பு ஏறுகிறது. பூவிதழே செவிபோல் அதிர்ந்து அவ்வோசையை ஏற்கிறது.

இதைப் படித்த நாளில் நான் வெகுநேரம் நந்தவனத்தில் அமர்ந்திருந்தேன். செடி அதிர்வை உணர்கிறது என்பது மெய்யே. ஆனால் அது காத்திருப்பது நம் வீணைக்காக அன்று, வண்டின் ரீங்காரத்துக்காக. தன் உயிருக்கு உற்றது எதுவோ அதனையே அது கேட்கிறது. இறைவன் அதற்கென்று அளித்த சங்கீதம் வேறு. நமக்கென்று அளித்தது வேறு. இவ்வுண்மை சிங் அவர்கள் சொல்லியதைவிடச் சிறியதாக எனக்குத் தோன்றவில்லை.

இவற்றையெல்லாம் இவ்விதழில் எழுதக் காரணம் நந்தவனம் மட்டுமன்று. சென்ற ஆண்டு எங்கள் பஜனைக் கூடத்துக்கு ஒருவர் வந்தார். எல்லைப்புற ஊராகையால் எங்கள் பஜனையில் தேவாரமும் உண்டு, தியாகராஜ கிருதியும் உண்டு, புரந்தரதாசர் பதமும் உண்டு. எல்லோரும் அறுபதைக் கடந்தவர்கள். வந்தவர் பணிவாக அமர்ந்து பஜனை கேட்டார். பின்னர் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றை எடுத்தார். இரத்த அழுத்தத்துக்கு ஓர் இராகம், சர்க்கரை நோய்க்கு ஓர் இராகம், மூட்டு வலிக்கு ஓர் இராகம் என்று அச்சிட்ட அட்டையையும் காட்டினார். இராகத்தின் ‘சக்தி அலை’ நோயின் வேரைத் தொடுமாம். “அண்ணாமலைப் பல்கலைக்கழகமே ஆராய்ந்து சொன்னது ஐயா. வாயில்லாத செடிக்கே அறுபது சதவீதம் என்றால், மந்திரம் சொல்லும் நமக்கு எவ்வளவு இருக்கும்?” என்றார். பேராசிரியரின் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை. அறுபது என்னும் எண் மட்டும் தெரிந்திருந்தது.

எங்கள் குழுவில் மூத்த அம்மாள் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் பெரியம்மா. அவர் பெட்டியை வாங்கினார். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினார். அவரை அறியாமையுடையவர் என்று எண்ண வேண்டா. “மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதப்பா, பாட்டு யாருக்கும் கெடுதல் செய்யாதே” என்று பிறகு என்னிடம் சொன்னார். அவர் சொல்லியதில் பாதி முழு உண்மை. ஆனால் மாத்திரை நின்ற இரண்டாம் வாரத்தில், சந்தியா வேளையில் விளக்கேற்றப் போனவர் தலைசுற்றி விழுந்தார். மகன் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டில் இருந்தார். மருமகள்தான் ஆட்டோ வைத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இறையருளால் உயிருக்கு ஆபத்தில்லை. அங்கிருந்த மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. “பாட்டும் கேளுங்கள் அம்மா, மாத்திரையும் போடுங்கள். ஒன்றுக்காக ஒன்றை ஏன் விடுகிறீர்கள்?” என்றாராம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் வேறு மாத்திரையை எழுதித் தந்தார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அதுவரை பெரியம்மா எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை!

‘அப்படியானால் இசையால் நோய் தீர்ந்த வரலாறுகள் பொய்யா?’ என்று அன்பர்கள் கேட்கலாம். திருவதிகையில் அப்பர் பெருமானின் சூலைநோய் பதிகம் பாடித் தீர்ந்தது. தம்பியப்பன் என்னும் சீடரின் தீராத வயிற்றுவலி நீங்க முத்துசுவாமி தீட்சிதர் குருபகவான்மீது கிருதி அருளினார் என்பது வழிவழி வரும் செய்தி. இவற்றை நான் தலைமேற் கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். அப்பருக்கு அருளியது இராகத்தின் அலை அன்று. அதிகை வீரட்டானத்து இறைவன். தமக்கையார் திலகவதியாரின் கண்ணீரும், அவர் அளித்த திருநீறும், திரும்பி வந்த உள்ளத்தின் உருக்கமும் அங்கே இருந்தன. தீட்சிதர் தம் சீடரிடம் விலை பேசவில்லை. அருள் என்பது கேட்பது. சிகிச்சை என்பது செய்வது. அருளை அட்டையில் அச்சிட்டு, நோய்க்கு ஒன்றாகப் பங்கிட்டு, பெட்டியில் அடைத்து விற்க ஒருவராலும் இயலாது.

இசை நோயாளிக்கு உதவாது என்றும் சொல்லேன். 2015ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழ், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோருக்கு இசை கேட்கச் செய்த 73 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டது. இசை கேட்டோருக்கு வலியும் அச்சமும் குறைந்திருந்தன. கத்தியும் தையலும் மருந்தும் தம் பணியைச் செய்தபோது இசையும் தன் பணியைச் செய்தது. நம் முன்னோர் மருந்து உண்ணும்போது தன்வந்திரி பகவானை நினைக்கச் சொன்னதும் இம்முறையிலன்றோ? நினைப்பு மருந்தோடு சேர்ந்தது. மருந்துக்குப் பதிலாக வரவில்லை.

எனவே வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சக்தி அலை, காந்தம், இராகம், வண்ண ஒளி என்று எந்தப் பெயரோடு எவர் வந்தாலும் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். ‘என் மருந்தை நிறுத்தச் சொல்கிறீரா?’ என்பது ஒன்று. ‘யார், எங்கே, எதனோடு ஒப்பிட்டு இதைக் கண்டார்கள்?’ என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு ‘ஆம்’ என்றால் வணங்கி வழியனுப்பிவிடுங்கள். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் அதைக் கொடுத்த மருத்துவரிடம் கூசாமல் சொல்லுங்கள். இளையவர்களுக்கும் ஒரு சொல்: உங்கள் வீட்டுப் பெரியவர் மாத்திரையைச் சரியாக உண்கிறாரா என்று கேட்பதோடு, அது ஒத்துக்கொள்கிறதா என்றும் கேளுங்கள். அவ்வாறு ஒருவர் கேட்டிருந்தால் பெரியம்மா பெட்டியை நாடியிருக்க மாட்டார்.

டி.சி.என். சிங் அவர்களை நான் இன்றும் மதிப்போடு நினைக்கிறேன். தாவரவியல் துறையும் இசைக் கல்லூரியும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தும், இரண்டையும் இணைக்கும் வினாவைக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தது. பிறர் நகைப்பார்களே என்று அஞ்சாமல் விடியற்காலையில் செடியருகே நின்று அவர் கேட்டார். அவர் சொல்லிய விடை நிலைக்கவில்லை. வினா நிலைத்தது, பல்லாண்டுக்குப் பின் பிறர் பொறுமையோடு சோதித்து வண்டின் ரீங்காரம் வரை சென்றார்கள். வினா எழுப்பியவருக்குரிய மரியாதையை அவருக்குச் செய்வோம். அவருடைய எண்களை எடுத்து வணிகம் செய்வோர்க்கு அம்மரியாதை சேராது.

மார்கழியில் நாங்கள் நந்தவனத்தைச் சுற்றித் திருப்பாவை பாடிக்கொண்டே பூப் பறிக்கிறோம். கைத்தடியோடு பெரியம்மாவும் வருகிறார். காலை மாத்திரையை உண்டபின்தான் வருகிறார். பாடுவதால் பூ கூடியதா என்று இப்போது ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாடுவது பெருமாளுக்காக, நீர் ஊற்றுவது செடிக்காக. இரண்டையும் தவறாமல் செய்கிறோம்.